ஏப்ரல் பக்கம்

நவநீதன் பெருந்துறையிலிருந்து வந்தான்,
பஸ்ஸில், மடியில் ஹெல்மெட்டோடு.
கவரை உருவியதும் கிளம்பியது
சூரமங்கலத்து வெள்ளைத் தூசி.
"குவாரி மண்ணு வாசல் வரைக்கும் வருமா?"
வரும். ஏர் ஃபில்டர் வரைக்கும் வரும்.

மீட்டரில் பதினோராயிரத்து நானூறு.
"கம்மியாத்தான் ஓடியிருக்கு. வீட்டுக்காரர் வண்டிங்களா?"
என் வண்டி.
"டிராக்?"
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன்
"தண்ணி?" என்று கேட்பதுபோல் கேட்டான்.

நோட்டை நீட்டினேன்.
பால் கணக்கு எழுதுகிற நீள நோட்டு.

இரண்டு டிராக் நாளுக்கு ஒருமுறை ஆயில்.
வடித்ததை ஐஸ்கிரீம் டப்பா மூடியில் ஊற்றி
வெயிலில் சாய்த்துப் பார்த்தது.
மினுக்கு இல்லை.
மினுக்கு இல்லை.
ஆகஸ்டில் காந்தத்தில் மயிரிழைபோல் கொஞ்சம்.
கியர் பல்தான், பேரிங் இல்லை என்றார் தஸ்தகீர்
(நகத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு).
நீளமான வலது வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும்,
பம்ப் காற்றைக் குடிக்கும்,
அதனால் நூறு மில்லி கூடுதல்.
கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர்:
நான் விழுந்தால் பின்னால் வருகிறவன் வழுக்கக் கூடாது.
இடது எக்ஸாஸ்ட் வால்வு இறுக்கம். ஷிம் மாற்றியாச்சு. வெட்டு விழுந்த விரலுக்கு பிளாஸ்டர், எட்டு ரூபாய்.

முந்தின இரவு பிளேடு எடுத்து வைத்திருந்தேன்.
ஒரே ஒரு பக்கம்.
தைத்த நோட்டில் ஒன்றைக் கிழித்தால்
எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று கழன்று வரும்.
அதனால் விட்டேன் என்றுதான்
இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் ஆறு. மூன்றாவது செஷன்.
கியரைத் தலைகீழாய் மாற்றியிருந்ததை
கால் மறந்தது.
மூன்றிலிருந்து நாலு என்று நிமிர்த்தினேன்.
இரண்டு விழுந்தது.
முள் சிவப்பைத் தாண்டி, எண்கள் முடிகிற இடத்தையும் தாண்டி,
பின் டயர் கத்தி,
கிளட்சை இழுக்க எனக்கு எடுத்தது
ஒரு தும்மல் நேரம்.
திறந்து பார்த்தோம். வால்வு வளையவில்லை.
கம்ப்ரஷன் இரு பக்கமும் சமம்.
அதற்குப் பிறகு ஏழு டிராக் நாள்.

அவன் படித்த நேரத்தில் டீ ஆறிப்போனது.
"மலை ஏத்திப் பாக்கலாமா?"

அடிவாரம் வரை நான் ஓட்டினேன்.
சோதனைச்சாவடியில் இறங்கி
அவன் ஆதாரையும் பையையும் வாங்கிக்கொண்டு
சாவியைக் கொடுத்தேன்.

ஐந்து வருஷம் அந்த எஞ்சினை
தொடையால் கேட்டிருக்கிறேன், மணிக்கட்டால்,
ஸ்க்ரூடிரைவரைக் காதில் முட்டுக்கொடுத்து.
வெளியே நின்று கேட்டதில்லை.
முதல் ஹேர்பின்னுக்கு மூச்சைக் குறைத்தான்,
பிறகு திறந்தான்.
சத்தம் மரங்களுக்குள் போய்
இன்னொரு பக்கமாய்த் திரும்பி வந்தது.
நாலாவது. ஐந்தாவது.
ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் சின்னதாகி,
கொஞ்சம் மேலே.
அந்த டிக் டிக்குக்காகக் காத்திருந்தேன்,
இரவில் எனக்கு மட்டும் கேட்கிற டிக் டிக்.
ஒரு குரங்கு அவன் பையை இழுத்தது.
மேலே இருப்பது எஞ்சினா வண்டா
என்று தெரியாமல் போனது. பிறகு அதுவும் இல்லை.
நான் ஏன் விற்கிறேன் என்று
அவன் கேட்கவே இல்லையே
என்று அப்போதுதான் உறைத்தது.

நாற்பது நிமிஷம் கழித்து வந்தான்,
கண்ணாடியை ஏற்றிவிட்டு, முகமெல்லாம் பல்.
"அருமைங்க. வெண்ணெய்."
ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
அது நிற்கும் வரை சாவியைத் திருப்பாதே என்றேன்.
தலையாட்டினான்.
பிறகு தொண்டையைச் செருமி,
"அந்த ஏப்ரல் பக்கத்துக்கு
எவ்வளவு கொறைப்பீங்க?"

ஐயாயிரம்.

"பத்து."

ஃபேன் இன்னும் நிற்கவில்லை.